மூக்கு வரை வந்த மருமகள்

ஹலோ அங்கிள் கை வைத்து உருப்பட்ட கம்ப்யூட்டர் பெங்களூரிலேயே கிடையாது. ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் தெருவே இதற்குச் சாட்சி. ஆனாலும் தொண்ணூறுகளின் நடுவில், போன் லைனில் மோடத்தைச் செருகி மெயில் பார்க்கும் வித்தை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தந்தி ஆபீசில் டெலிபிரின்டர் ஓட்டி ரிட்டையர் ஆனவர். எந்தக் கோளாறையும் காதால்தான் கண்டுபிடிப்பார்.

அந்த வருஷம் எனக்கு அவரை விட்டால் கதியில்லை. அமெரிக்காவில் இருந்த அண்ணன் வீட்டுக்குச் சொல்லாமல் ஒரு பஞ்சாபிப் பெண்ணைக் கட்டிக்கொண்டுவிட்டான். "இனிமே அவன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றாள் அம்மா. தபாலில் வந்த கல்யாணப் போட்டோவைக் கவரைக்கூடப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினாள். "மெயில்ல அனுப்பறேன்டா. ஒரு தடவை அவ மூஞ்சிய அம்மாவுக்குக் காட்டிடு, போதும்" என்று அண்ணன் போனில் அழுதான்.

முதலில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மெயிலைப் படிக்கவே முடியவில்லை. எல்லா வரிகளும் ஒரே வரியின்மேல் ஏறி உட்கார்ந்தன. அங்கிள் ஏதோ செட்டிங்கை மாற்றினார். திரை முழுக்க அடைப்புக்குறிகளும் எண்களும் கொட்டின. இன்னொன்றை மாற்றினார். எழுத்தெல்லாம் சிரிக்கும் பொம்மை முகங்களாயின.

"பரவால்ல தம்பி, இப்ப சிரிக்குது பாரு!"

எனக்கு அழுகை வந்தது. எதையோ தட்டி எப்படியோ மெயில் தெரிந்து, போட்டோ இறங்க ஆரம்பித்தது. சதவீதம் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே அங்கிள் எழுந்து ஹாலுக்குப் போய், அதே லைனில் இருந்த இன்னொரு போனை எடுத்தார்.

"ஹலோ?"

லைன் அறுந்தது.

"எதுக்கு அங்கிள் எடுத்தீங்க?"

"டேட்டா ஓடுதான்னு கேட்டேன்பா. நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு."

அவருக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று அன்றுதான் புரிந்தது.

இறங்கிய வரைக்கும் போட்டோவைத் திறந்து பார்த்தேன். மேலே ஒரு நெற்றி, கீழே வெறும் சாம்பல் நிறம். ஹாலில் அவரேகாளு மொச்சை உரித்துக்கொண்டிருந்த அம்மா கேட்காமலே பின்னால் வந்து நின்றாள். "நெத்தி அகலமாத்தான் இருக்கு" என்றாள். பிறகு ஒன்றுமே சொல்லாதவள்போல் முறத்துக்குத் திரும்பிவிட்டாள்.

அந்த ஒரு வாக்கியத்தை நம்பி மறுநாள் முதலிலிருந்து ஆரம்பித்தேன். கரண்ட் போனது. மறுபடி ஆரம்பித்தேன். "சத்தியமா தொடமாட்டேன் தம்பி" என்றார் அங்கிள். அம்மா அவருடைய ஒரு கையில் போண்டாவையும் மறு கையில் காபியையும் கொடுத்தாள். கை இரண்டும் நிறைந்ததில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அவர் காபியை வைக்க இடம் தேடிப் போனார். போன் மேஜைதான் காலியாக இருந்தது.

"ஹலோ?"

கீபோர்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். போட்டோ மூக்கு வரை வந்து நின்றிருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து வெகுநேரம் பார்த்தாள்.

"பயந்த கண்ணுடா இது."

"இரும்மா, திரும்பப் போடறேன். முழுசா..."

"வேணாம். என்னை நெனச்சுத்தான் இந்தப் பொண்ணு பயந்திருக்கு, பாவம். மீதிய நேர்ல பாத்துக்கறேன். ரெண்டு பேரையும் வரச் சொல்லு."

அங்கிள் ரிசீவரைக் கையில் பிடித்தபடியே நின்றார். "அப்ப நான் இத வெச்சிடவா?" என்றார்.

ஈஸ்டருக்கு வந்தார்கள். எங்களுக்கு முன்னால் கேட்டில் நின்றவர் அங்கிள்தான். டாக்ஸியிலிருந்து இறங்கிய அண்ணியை நெற்றியிலிருந்து தாடைவரை நிதானமாகப் பார்த்துவிட்டு, "ஹண்ட்ரட் பர்சென்ட்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். அம்மா அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, அதுவரை பார்க்காத பாதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹலோ அங்கிளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று இன்றைக்கும் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது.