வாசலை அடைத்த நான்கு கிளாம்புகள்

தச்சு வேலை தெரியாதவனால் ஒரு வீட்டுக்கு எந்த ஆபத்தும் இல்லை. கொஞ்சம் தெரிந்தவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் கொஞ்சம் தெரிந்தவன்.

பிழைப்புக்கு நான் செய்வது துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் காகித வேலை. அடுத்தவர் சரக்குக்கு ஆவணம் தயாரித்தே நாள் கழிகிறவனுக்கு, கையால் எதையாவது உருவாக்க வேண்டும் என்று ஒரு ஆசை வரும். (“கையால சட்டையத் தொவைக்கலாமே” என்றாள் என் மனைவி செல்வி. அது வேறு ஆசை என்று விளக்கினேன்.) செல்போனில் வீடியோ பார்த்துப் பலகை ஒட்டக் கற்றுக்கொண்டு, ஆறு பார் கிளாம்புகள் வாங்கினேன். மூன்றடி நீளத்தில் ஓர் இரும்புச் சட்டம். ஒரு முனையில் அசையாத தாடை, சட்டத்தின் மேல் ஓடுகிற இன்னொரு தாடை. கைப்பிடியைத் திருகினால் இரண்டும் நெருங்கி வந்து, நடுவில் இருப்பதை உயிர்போனாலும் விடாமல் கவ்வும். பசை காயும்வரை பலகைகளைச் சேர்த்துப் பிடிக்கத்தான் அது.

பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிற சாமானைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இன்னும் என்னென்ன வேலை வாங்கலாம் என்று தேடினேன். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் இரண்டை மாட்டித் துணி உலர்த்தக் கொடி கட்டினேன். அம்மாவுக்கு மணிக்கட்டு வலி என்றதும் இடியாப்பக் குழலைக் கிளாம்பில் வைத்துத் திருகினேன். மாவு வரவில்லை, குழல் பிளந்தது. அப்பா கட்டிலில் படுத்தபடியே அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பலசரக்குக் கடை அண்ணாச்சியாக முப்பது வருடம் நின்றவர். வாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு அவர் பேசுவதே குறைந்துவிட்டது. சிரிப்பது அடியோடு நின்றுவிட்டது.

நான் கற்றுக்கொண்டவற்றில் இரண்டு வித்தைகளில் எனக்குத் தனிப் பெருமை. ஒன்று, நகரும் தாடையைக் கழற்றித் திருப்பி மாட்டினால், கிளாம்பு கவ்வுவதற்குப் பதில் வெளிப்பக்கமாக நெட்டித் தள்ளும். இரண்டு, ஒன்றோடு ஒன்றைக் கோத்தால் இரண்டு குட்டைக் கிளாம்புகள் ஒரு நெட்டைக் கிளாம்பாகும். இவை இரண்டையும் சேர்த்துச் செய்ய ஒரு சந்தர்ப்பத்துக்காகக் காத்திருந்தேன். மார்கழியில் மழை கொண்டுவந்து கொடுத்தது.

ஒரு நாள் பூராவும் பெய்து, மறுநாள் காலையிலும் விடவில்லை. மேற்கே குளம் உடைந்துவிட்டது, தண்ணீர் ஊருக்குள் வருகிறது என்று பத்து மணிக்குத் தெருவில் கத்திக்கொண்டு போனார்கள். அக்கம்பக்கத்தார் சாமான்களை மாடிக்கு ஏற்றினார்கள். எங்கள் மாடிப்படி வெளியில் இருந்தது; வீட்டுக்கு ஒரே வாசல்.

“என்னங்க, நாலு பேரக் கூப்பிட்டு மாமாவ மாடிக்குத் தூக்கிருவோம்” என்றாள் செல்வி.

“மழையில எதுக்கு? ஒரு சொட்டு உள்ள வராது, பாரு” என்றேன்.

இந்த வாக்கியத்தை இன்றைக்கும் எங்கள் வீட்டில் என் குரலிலேயே சொல்லிக்காட்டுவார்கள்.

வாசலைத் தாண்டியதும் ஐந்தடி நடை, எதிரே சுவர். கதவைச் சாத்தி, அதன் உட்பக்கம் நிலையோடு ஒட்டி ஒரு பிளைவுட் பலகையை நிறுத்தினேன். ஓரங்களில் பழைய சைக்கிள் டியூப். இரண்டிரண்டாகக் கோத்துத் திருப்பி மாட்டிய கிளாம்புகள் மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி. அவற்றின் ஒரு முனை எதிர்ச் சுவரில், மறுமுனை பலகையில். சுவரில் காரை உதிரும்வரை திருகினேன். சட்டங்கள் லேசாக வில்லைப்போல் வளைந்தன. அதை வலிமையின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர். உள்ளே ஒரு சொட்டு இல்லை. பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் டீ கேட்டேன்.

அம்மா அடுப்படிக்குப் போன வேகத்தில் திரும்பி வந்தாள். “ஏலே, கக்கூஸ்ல தண்ணி கொப்பளிக்கி.”

வெள்ளம் வாசல் வழியாகத்தான் வரும் என்று நான் முடிவு செய்திருந்தேன். அது கழிவறைக் கோப்பை வழியாகவும் குளியலறைத் துவாரம் வழியாகவும் வந்தது. வந்தது வெறும் தண்ணீர் என்றால்கூடப் பரவாயில்லை. (சாப்பாட்டு வேளையில் படிக்கிறவர்கள் இருக்கலாம், இதோடு நிறுத்துகிறேன்.) துணி, கோணி, அம்மாவின் பழைய தலையணை என்று எதைத் திணித்தாலும் துப்பிவிட்டது. அரை மணியில் கணுக்கால், ஒரு மணி நேரத்தில் முழங்கால். அப்பாவின் கட்டிலைத் தண்ணீர் தொட்டதும், மூன்று பேரும் சேர்ந்து அவரைச் சாப்பாட்டு மேசைமேல் படுக்க வைத்தோம். செல்வி அவர் தலையைத் தாங்கிக்கொண்டு நின்றாள். அம்மா மாத்திரை டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வேப்பிலை இல்லாமலே ஏதோ வேண்டுதலை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

“வாசலைத் திறங்க” என்றாள் செல்வி. அவள் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கைப்பிடியைத் திருகினேன். அசையவில்லை. வளைந்த சட்டத்தில் தாடை சிக்கிக்கொண்டிருந்தது. பலகை வேறு ஊறி உப்பியிருந்தது. கீழ் ஜோடி தண்ணீருக்குள்ளே போய்விட்டது. அம்மிக் குழவியால் அடித்தேன். என் பெருவிரல் நகம் பிய்ந்தது; கிளாம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்ல தரமான சாமான்.

இடுப்புக்கு வந்தபோது தெருவில் மோட்டார் சத்தம் கேட்டது. புன்னைக்காயலிலிருந்து லாரியில் கொண்டுவந்த ஃபைபர் படகு. மீன்பிடிக்கிற இரண்டு பேர் வீடு வீடாக ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மூத்தவர் பெயர் மிக்கேல் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துப் படகை நிறுத்தினார்.

“அண்ணாச்சி, கதவத் திறங்க.”

“திறக்க முடியல. உள்ள கிளாம்பு போட்டிருக்கேன்.”

“அது என்னது?”

இடுப்பளவு சாக்கடையில் நின்றுகொண்டு, பார் கிளாம்பின் அமைப்பையும், தாடையைத் திருப்பி மாட்டும் முறையையும் நான் அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். படகில் கைக்குழந்தையோடு ஒரு பெண் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் கேட்டாள்.

“வெள்ளம் வெளிய இருந்து வருதுன்னு நெனச்சியளோ?” என்றார் மிக்கேல்.

“ஆமா.”

அவர் படகிலிருந்த கடப்பாரையை எடுத்தார்.

ஜன்னல் சட்டத்தைச் சுவரிலிருந்து பெயர்க்க முக்கால் மணி நேரம் ஆனது. வெளியிலிருந்து அவர்கள் இடித்தார்கள். உள்ளிருந்து நான் தள்ளினேன். மேசை விளிம்பில் தண்ணீர் ஏறி அப்பாவின் முதுகை நனைத்தது. அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. ஒருமுறை கண்ணை மூடி நெடுநேரம் திறக்கவில்லை. “மாமா, மாமா” என்று செல்வி கன்னத்தைத் தட்டினாள். அம்மா முணுமுணுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் கண்ணைத் திறந்தார்.

போர்வையில் சுற்றி அவரை ஜன்னல் வழியாக வெளியே நீட்டினோம். இடிந்த செங்கலில் உரசி, உணர்ச்சியில்லாத காலில் ரத்தம் வந்தது. மிக்கேல் அவரைக் குழந்தையைப்போல் ஏந்திப் படகில் கிடத்தினார். அப்பா குழறிக் குழறிச் சொன்னார்: “திருட்டுச் சரக்கு… கொண்டுபோற மாதிரில்லா… கொண்டுபோறானுவ.”

அந்த முக்கால் மணி நேரத்தில் அந்தப் படகு வேறு யாரையெல்லாம் எடுத்திருக்கலாம் என்று நான் மிக்கேலிடம் கேட்கவில்லை. இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் தெரு வடிந்தது. பள்ளிக்கூட முகாமிலிருந்து நான் மட்டும் வீட்டைப் பார்க்கப் போனேன். தெருவெல்லாம் சேறு. ஜனங்கள் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஜன்னல் ஓட்டை வழியாக எதிர்வீட்டுக்காரர் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, ஊர்ல எல்லா வீட்டுலயும் தண்ணி வடிஞ்சிட்டு. ஒங்க வீட்டுல மட்டும் அப்படியே கெடக்கு. நல்லாத்தான் அடச்சிருக்கிய.”

கழிவுக் குழாய்கள் சேற்றால் அடைத்துக்கொள்ள, வாசலில் என் பலகை ஒரு சொட்டு கசியாமல் நின்றது. உள்ளே தொடையளவு தண்ணீரில் அம்மாவின் தலையணை மிதந்தது. வெளிக்கதவைப் பெயர்த்து, பலகையை ரம்பத்தால் அறுத்து, ஊருக்கு இரண்டாவது தடவையாக வெள்ளத்தைத் திறந்துவிட்டேன். கூட்டி முடித்திருந்தவர்கள் மறுபடி கூட்டினார்கள்.

முகாமுக்குத் திரும்பி இதைச் சொன்னபோது அப்பா சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது. வாதம் வந்த பிறகு முதல் தடவை. மூச்சு முட்டி இருமல் வரும்வரை சிரித்தார்.

அந்த இருமல் நிற்கவில்லை. மாசி கடைசியில் அப்பா போய்விட்டார். நெஞ்சில் சளி கட்டியது என்றார் டாக்டர். எந்தத் தண்ணீரால் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எடுக்கும் நேரம். புது வாசல், புதுக் கதவு. நான் கையில் நெருப்புச் சட்டியோடு முன்னால் நின்றேன். தூக்குகிறவர்கள் குனிந்து தோள் கொடுத்தார்கள். அதுவரை மார்பில் அடித்து அழுதுகொண்டிருந்த அம்மா சட்டென்று நிறுத்தினாள். மூக்கைச் சிந்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“ஏலே, வாசல்ல ஒண்ணும் மாட்டி வைக்கலல்லா?”

செல்வி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். தூக்கியவர்களின் தோள்கள் குலுங்கின. மேலே அப்பாவும் லேசாகக் குலுங்கினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது.

இப்போது எங்கள் வீட்டிலிருந்து யார் வெளியே கிளம்பினாலும், கல்யாணத்துக்கோ காய்கறிக்கடைக்கோ, யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நான் மட்டும் எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்து, “ஒண்ணும் இல்ல, போங்க” என்பேன்.