தகரவாயரும் அப்பாவின் சோடாவும்

வன்னியில் அந்தக் காலத்துச் சவாரி மாடுகளில் பாதி மண்ணில் ஓடவே இல்லை. தகரவாயரின் வாயில்தான் ஓடின. நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் அந்த மனிதரின் குரலைக் கேட்காதவர்கள்.

அறுபதுகளின் தொடக்கம். கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு குடியேற்றத் திட்டம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டி, குளத்துத் தண்ணீரில் நெல் விதைத்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அறுவடை முடிந்தால் மாட்டுவண்டிச் சவாரி தொடங்கிவிடும். இரண்டு வண்டி, வண்டிக்கு இரண்டு மாடு, நேரான ஒரு திடல். முதலில் எல்லைக் கோட்டைக் கடக்கும் வண்டிக்குப் பரிசு. இந்தச் சவாரிகளுக்கெல்லாம் தகரவாயர்தான் அறிவிப்பாளர். உடையார்கட்டு, பூவரசங்குளம் என்று எங்கே நடந்தாலும் சைக்கிளில் போய் மைக்கைப் பிடித்துவிடுவார். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்குத் தெரியாது.

ஒலிபெருக்கி வருவதற்கு முன்பு ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டிக் குழாயாக வளைத்து, அதற்குள் வாயை வைத்துக் கத்தியதால் வந்த பட்டம் அது. பிறகு புளியங்குளத்திலிருந்து ஒருவர் ஒலிபெருக்கியும் அதை இயக்கப் பற்றறியும் கொண்டுவந்து திடலோரத்து மருதமரத்தில் கட்டினார். தகரவாயர் பழைய பழக்கத்திலேயே கத்தினார். மரத்தில் இருந்த காகங்கள் முறிகண்டிப் பக்கம் பறந்தவைதான், அந்த வருடம் திரும்பி வரவில்லை.

"அண்ணை, இது மைக். கிணத்துக்கை விழுந்தவனைக் கூப்பிடுறமாதிரிக் கத்தாதேங்கோ. மெல்லக் கதையுங்கோ" என்று ஒலிபெருக்கிக்காரர் கெஞ்சினார்.

"மெல்லக் கதைக்கிறதெண்டால் நான் ஏன் காணும் இஞ்சை வாறன்? வீட்டிலை மனிசியோடை இருந்திருப்பனே!"

இந்தப் பேச்சும் ஒலிபெருக்கியில் வந்து ஊர் முழுக்கக் கேட்டது. அவர் மனைவிக்கும் கேட்டது. இரண்டு நாள் அவருக்குக் கஞ்சிதான் கிடைத்தது என்று பேச்சு.

எனக்கும் கேட்டது. நான் திடலில் இல்லை, வீட்டில் இருந்தேன். சவாரித் திடலுக்குப் பெண்கள் போகக் கூடாது. ஏன் என்று கேட்டால், "அது ஆம்பிளையளின்ரை இடம்" என்பார்கள். அந்த மாடுகளுக்குப் பருத்திக்கொட்டை ஊறவைத்து ஆட்டுக்கல்லில் அரைத்தது ஆம்பிளைகள் இல்லை, அம்மாவும் நானும். அந்த நேரம் யாரும் இடம் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுக்கும் திடலுக்கும் நடுவில் வெறும் வயல்வெளிதான். சவாரி நாளில் குசினியில் சமையல் வேலையை விட்டுவிட்டு வேலியோரம் போய் நிற்போம். எங்களைப் போலவே ஒவ்வொரு வேலியோரமும் பெண்கள். எங்களுக்குச் சவாரி என்றால் தகரவாயர்தான்.

அதிலும் ஒரு கூத்து இருந்தது. மாடு ஓடத் தொடங்கியதும் புழுதி எழும்பும். புழுதிக்குள் தகரவாயருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாவிட்டால் வாயை மூடுகிற மனிதரா? "வெள்ளைச் சோடி முந்துது! விடமாட்டன் எண்டு சிவலைச் சோடி எட்டிப் பிடிக்குது! ஐயோ, கழுத்துக்குக் கழுத்து!" என்று வாயில் வந்த மாட்டையெல்லாம் ஓட்டுவார். ஒருமுறை சிவலைச் சோடி பாதித் திடல் கடந்து பறந்துகொண்டிருந்தபோது, அந்தச் சோடியை ஓட்டவேண்டியவரின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது.

"அண்ணை, நான் இஞ்சை உங்களுக்குப் பக்கத்திலை நிக்கிறன். தொடங்கேக்கையே அச்சு முறிஞ்சு போச்சு."

"நீ நில். உன்ரை மாடு நல்லா ஓடுது. குழப்பாதை!"

கலியாண வீட்டிலும் அவருக்கு வாய் சும்மா இருக்காது. தாலி கட்டும் நேரம் பின்வரிசையிலிருந்து, "மாப்பிள்ளை குனியிறார்... முதலாம் முடிச்சு... கை நடுங்குது... பொம்பிளை வீட்டார் முந்துகினம்!" என்பார். ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டுச் சிரித்ததும் உண்டு.

இப்படி ஊரைச் சிரிக்கவைத்த மனிதரின் மைக்கைப் பறித்தது வேறு யாருமில்லை, எங்கள் வீடு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அப்பா சவாரிக் குழுவின் தலைவர். எங்களுக்கும் ஒரு சோடி மாடு இருந்தது. ஆனால் அப்பா ஒருநாளும் வண்டியில் ஏறி மாட்டுக் கயிற்றைப் பிடித்ததில்லை. மாட்டைக் குளிப்பாட்டுவது, நடத்துவது, பழக்குவது, சவாரியில் ஓட்டுவது எல்லாம் சின்னான். எங்கள் வயலில் கூலிக்கு நின்ற மனிதர். வளவுக்குள் வருவார், வீட்டுக்குள் வரக் கூடாது. அவருக்குத் தேத்தண்ணி தேங்காய்ச் சிரட்டையில். மாட்டின் வாயைத் துடைத்துவிட்டு அந்தத் துணியை அப்பா தோளில் போட்டுக்கொள்வார். சின்னானின் கை பட்ட செம்பை மட்டும் கழுவச் சொல்வார். இதை எழுத எனக்குக் கூசுகிறது. கூசட்டும்.

சவாரியில் ஒரு வழக்கம் உண்டு. வென்றதும் மாட்டுச் சொந்தக்காரரின் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும். ஓட்டியவனின் பெயரைச் சொல்வதில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியில் நின்றவனுக்குப் பெயர் இல்லை, பந்தலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தவருக்குத்தான் பெயர். யாரும் இதை ஒரு குறையாக நினைக்கவில்லை. நானும் நினைத்ததில்லை.

அந்த வருடத்து இறுதிச் சவாரியன்று காலையில் மழை தூறியது. திடல் நனைந்து கிடந்தது. புழுதி எழும்பவில்லை. தகரவாயர் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு சவாரியைக் கண்ணால் பார்த்தார். எல்லாக் கரைச்சலுக்கும் அந்த மழைதான் காரணம்.

பாதித் திடலில் எங்கள் வண்டியின் வலது மாட்டை நுகத்தோடு பிணைத்த கயிறு அறுந்துவிட்டது. வண்டி புரண்டிருக்க வேண்டும். சின்னான் முன்மரத்தில் குப்புற விழுந்து, ஒரு கையால் நுகத்தையும் மறு கையால் மாட்டின் கழுத்தையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தார். கால் இரண்டும் மண்ணில் இழுபட அப்படியே எல்லைக் கோட்டைக் கடந்தார். ஒலிபெருக்கியில் தகரவாயரின் குரல் உடைந்து போய் வந்தது.

"டேய், விடாதை! விடாதை! வெண்டிட்டான்! வெண்டது சின்னான்! சின்னான்! சின்னான்!"

மூன்று முறை. வேலியோரம் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"ஓய், மாட்டுக்காரற்றை பேரைச் சொல்லும்!" என்று குழுச் செயலாளர் மைக்குக்குப் பக்கத்தில் வந்து சீறுவது கேட்டது.

"மாட்டுக்காரர் பந்தலுக்கை சோடா குடிச்சுக்கொண்டு இருந்தவர். நான் கண்ணாலை கண்டனான். சோடாவுக்கு ஒரு சவாரி வையுங்கோ, முதலாம் இடம் அவருக்குத்தான்!"

வயல்வெளி முழுக்கச் சிரித்தது. அப்பா வீட்டுக்கு வந்தபோது முகம் சுட்ட கத்தரிக்காய் மாதிரி இருந்தது.

அடுத்த நாள் குழு எங்கள் முற்றத்தில் கூடியது. தகரவாயரையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பா தன் மானத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பற்றித்தான் பேசினார்.

"குமர்ப்பிள்ளை இருக்கிற வீடு இது. கலியாணப் பேச்சு நடக்குது. கூலிக்காரன் வெண்டதை இவை தங்கடை எண்டு கொண்டாடுகினம் எண்டு நாளைக்கு மாப்பிள்ளை பகுதி சொல்லாதோ?"

எனக்கு அப்படி ஒரு கவலையும் இருக்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை.

"நான் கண்டதைத்தானே சொன்னனான்" என்றார் தகரவாயர். "இவ்வளவு காலமும் காணாததைச் சொன்னனான், ஒருத்தரும் பிழை பிடிக்கேல்லை!"

குழுவில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மாட்டுக் கொட்டிலில் நின்ற சின்னானைக் கூப்பிட்டார். சின்னான் வந்து முற்றத்துக்கு வெளியே நின்றார். இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்து, மஞ்சள் பூசியிருந்தது.

"சொல்லடா. சவாரியை வெண்டது ஆர்?"

சின்னான் நிலத்தைப் பார்த்தார். "நீங்கள்தான் ஐயா. நான் சும்மா வண்டியிலை படுத்திருந்தனான். மாடு தன்ரை பாட்டிலை ஓடினது."

தகரவாயர் வாய் திறந்தபடி நின்றார், அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. அவர் அப்படி நின்றதை நான் வேறு எப்போதும் கண்டதில்லை. அப்பா வென்றவர்போல் கதிரையில் சாய்ந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு, இந்த வீட்டில் ஏன் பிறந்தேன் என்று நினைத்தேன். கோபம் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது வெட்கம்.

"சரி" என்றார் தகரவாயர் கடைசியில். "வாற சவாரியிலை மைக்கிலையே மன்னிப்புக் கேக்கிறன். இவனைப் போக விடுங்கோ."

அடுத்த சவாரியன்று அம்மாவும் நானும் வேலியோரம் நின்றோம். தகரவாயர் நல்ல பிள்ளையாகத்தான் தொடங்கினார்.

"பெரியோர்களே, போனமுறை நான் தலைவர் ஐயாவைப் பற்றி ஒரு பிழையான கதை சொல்லிப்போட்டன். எல்லாருக்கும் முன்னாலை அதைத் திருத்த வேணும்." கொஞ்சம் நிறுத்தினார். "அவர் குடிச்சது சோடா எண்டு சொன்னனான். அது சோடாப் போத்தல்தான். உள்ளுக்கை இருந்தது கள்ளாம். எனக்குப் பிறகுதான் தெரியும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ!"

ஒலிபெருக்கி கர்ரென்று கத்தியது. மைக்கைப் பறிக்கிறார்கள் என்று விளங்கியது. வயல்வெளியில் ஒரு பெரிய சிரிப்பு எழும்பி, திடலிலிருந்து எங்கள் வேலி வரை வந்தது.

அம்மா சிரிக்கவில்லை. "கள்ளோ? என்னட்டைச் சோடா எண்டல்லோ சொன்னவர்! சோடாக் காத்திலை ஏவறை வருது எண்டு இஞ்சித் தண்ணியும் வைச்சுக் குடுத்தனான்!" என்றார்.

அத்தோடு தகரவாயரின் வேலை போனது. எங்கள் திடலில் மட்டும் இல்லை. அப்பா ஊர் ஊராக ஆள் அனுப்பி, எந்தச் சவாரியிலும் அவருக்கு மைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவைத்தார். அவருடைய சைக்கிள் வேலியில் சாய்ந்து கிடந்தது. சின்னானையும் அப்பா வண்டியில் ஏற்றவில்லை, வரப்பு வெட்ட விட்டார். பரிசுக் கிண்ணத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மாப்பிள்ளை பகுதி வந்தபோது எடுத்துக் காட்டினார். எனக்குத் தேத்தண்ணித் தட்டைக் கையில் வைத்திருக்க முடியவில்லை. வெட்கப்படுகிற பிள்ளை, நல்ல பிள்ளை என்று வந்தவர்கள் சொன்னார்களாம்.

புதிய அறிவிப்பாளர் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்த பொடியன். அவன் முதல் சவாரி சொன்ன அன்று அப்பா திடலுக்குப் போயிருந்தார். "முதலாவதாக வருவது வெள்ளை நிறச் சோடி. இரண்டாவதாக வருவது சிவலை நிறச் சோடி. நன்றி" என்றது ஒலிபெருக்கி. வேலியோரங்களில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டார்கள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தன் வயலில் தகரவாயர் மண்வெட்டியால் தண்ணீரைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் எங்கள் வரப்பில் சின்னான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அம்மா உள்ளே போகவில்லை. வேறு ஆம்பிளைகளோடு வேலி தாண்டிக் கதைக்காத என் அம்மா, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாய்க்கால் கரை வரைக்கும் நடந்தார். நானும் பின்னால் போனேன்.

"அண்ணை, சவாரி சொல்லுங்கோ."

தகரவாயர் மண்வெட்டியை நிறுத்தினார். "அங்கை பொடியன் சொல்லுறானே தங்கச்சி, கேக்கேல்லையே?"

"அவன் சொல்லுறது சீனி நிறுக்கிறமாதிரிக் கிடக்கு. நீங்கள் சொல்லுங்கோ. சின்னான் வெண்ட சவாரி."

சின்னான் நிமிர்ந்தார். தகரவாயர் எங்களை ஒருமுறை பார்த்தார். சின்னானைப் பார்த்தார். பிறகு கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வரப்பில் ஏறினார்.

மைக் இல்லாமலே நாலு வயலுக்குக் கேட்டது. கயிறு அறுந்தது, சின்னான் விழுந்தது, விடாமல் பிடித்தது, முழங்கால் உரிந்தது, ஒன்றும் குறையவில்லை. சின்னான் மண்வெட்டிப் பிடியில் நாடியை ஊன்றிக்கொண்டு, வேறு யாரோ ஒருவருடைய கதையைக் கேட்பதுபோல் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். "வெண்டது சின்னான்" என்று தகரவாயர் மூன்றாம் முறை சொன்னபோது அந்த முகத்தில் வந்த சிரிப்பை நான் பார்த்தேன்.

அதில் தகரவாயர் சேர்த்த பொய் ஒன்றே ஒன்றுதான். "பந்தலிலை முன்வரிசையிலை கதிரை போட்டுத் தாயும் மகளும் இருக்கினம். எழும்பி நிண்டு கை தட்டுகினம்!" என்றார்.

அந்தப் பந்தலில், அந்தக் கதிரையில்தான் நான் இன்னமும் இருக்கிறேன்.