வராத டேங்கரில் குறை கண்டவர்

'வாங்காதவர்' என்று ஓர் இனம் உண்டு. கையெழுத்துக்கு விலை இருக்கிற இடமெல்லாம் முளைக்கும். கடல் கடந்து போய், அயல்நாட்டு ராணுவ முகாமுக்கு டீசல் வாங்கித் தரும் ஒப்பந்தக் கம்பெனியில் மேற்பார்வையாளராக உட்கார்ந்துவிட்டால் நன்றாகக் கொழுக்கும். நம்மவரைப் பாருங்கள். டேங்கர் வந்தால் அளந்து பார்த்துச் சீட்டில் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. வராவிட்டாலும் போடுவார். பெரிய மனசு!

லஞ்சமா? அந்தச் சொல்லே அவருக்கு ஆகாது. டீசல் சப்ளை செய்கிறவர் அவருடைய தகரக் கொட்டகைக்குள் வந்து, "அண்ணே, அண்ணிக்கு ஒரு சின்ன வளையல்" என்று இழுப்பார்.

"எனக்குன்னா தொடவே மாட்டேன். அவளுக்குன்னு கொண்டு வந்துட்டே, வேண்டாம்னு சொன்னா உன் மனசு கஷ்டப்படுமே" என்று மேசை டிராயரைத் திறந்து வைப்பார் நம்மவர். இப்படியே மனைவிக்கு வளையல், மனைவிக்கு ஃபிரிட்ஜ், மனைவி பெயரில் ஒரு மனை, அந்த மனைக்குச் சுற்றுச்சுவர் என்று அன்பு வளர்ந்துகொண்டே போயிற்று. தனக்கென்று ஒரு குண்டூசி? மூச்!

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே! அதனால் வராத டேங்கரிலும் ஒரு குறை கண்டுபிடித்து எழுதுவார். 'பின் டயர் தேய்ந்திருக்கிறது.' 'மூடி சரியில்லை.' அந்தக் கண்டிப்புதான் அவர் காலை வாரியது.

தணிக்கைக்கு வந்த அம்மாள் ஒரு சீட்டை நீட்டினார். 'பத்து நிமிடம் தாமதம். ஓட்டுநரைக் கண்டித்தேன்.'

"அன்னைக்கு முகாம்ல போர் ஒத்திகை. நாள் முழுக்க கேட்டே திறக்கலை. யாரைக் கண்டிச்சீங்க?"

"அதனாலதான் மேடம் தாமதம்..."

அம்மாள் சிரிக்கவில்லை. சப்ளையர் ஏற்கெனவே எல்லாவற்றையும் கக்கியிருந்தார். நம்மவர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "சத்தியமா நான் எதுவுமே வாங்கலை மேடம். எல்லாம் என் மனைவிக்குக் கொடுத்தது."

"அப்படியா? அவங்க பேரைச் சொல்லுங்க. வழக்குல சேர்த்துக்கறேன்."

நம்மவர் மனைவியை நினைத்துப் பார்த்தார். முகாம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அறியாத மனுஷி அவள். போன வாரம்தான் போனில் கேட்டாள்: "இந்த வளையல் கை முட்டி வரைக்கும் போகுதே, யாரு அளவுங்க இது?"

"எனக்குத்தான் மேடம்" என்றார். "எல்லாம் எனக்குத்தான்." அந்தக் கொட்டகையில் உட்கார்ந்த பதினோரு வருடத்தில் அவர் சொன்ன முதல் உண்மை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நடுவில், 'நம்மிடம் யாரும் இப்படி எதையும் நீட்டவில்லையே' என்று ஒரு பெருமூச்சு விட்டீர்களே, அது எனக்கும் கேட்டது. நாளைக்கே யாராவது நீட்டலாம். எதற்கும் வீட்டில் வளையல் அளவைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.