அம்மன் மேளத்துக்கு நூற்றொன்று வைத்த வைபவம்

என் அக்காள் பெற்ற ஒரே அறிவாளியும், கோயம்புத்தூரில் மோட்டார்களுக்கு மூக்கணாங்கயிறு மாட்டும் உத்தியோகஸ்தனுமான சிரஞ்சீவி இளங்கோவனுக்கு, ஐயம்பேட்டை அம்மன் கோயில் மின்சார மேளத்தின் ஏகபோகப் பொறுப்பாளரும் உன் தாய்மாமனுமான மாணிக்கவேல் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, அம்மன் மூவரும் சௌக்கியம். மேளம்தான் சௌக்கியமில்லை.

இதில் நான் எழுதப்போவதை ஐயம்பேட்டையில் ஒருவரும் நம்ப மாட்டார்கள், காஞ்சிபுரத்தில் சிரிப்பார்கள், வாலாஜாபாத்தில் என்னைக் கட்டியே போட்டுவிடுவார்கள். நீயும் நம்ப வேண்டாம், உட்கார்ந்து படி.

மோட்டார் சுற்றினால் கோல் முரசை அடிக்க, மணியும் சேகண்டியும் கூடவே முழங்குமே, அந்த மேளத்துக்குப் பொங்கல் லீவில் வந்தபோது மோட்டாரையும் மாற்றி ஒரு பெட்டியையும் மாட்டிவிட்டுப் போனாய். பழைய மோட்டார் சுவிட்சைப் போட்டதும் உதை வாங்கிய எருமை மாதிரி துள்ளும், கோயில் விளக்கெல்லாம் கண்ணை மூடித் திறக்கும், மாதம் ஒரு பெல்ட் அறுந்து பூசாரி பாண்டியன் கழுத்தில் மாலையாக விழும். இனி மோட்டார் மெதுவாக எழுந்து படிப்படியாக வேகம் பிடிக்கும் என்றாய். சரி. பெட்டிக்குள் ஒரு பேஸ் கரண்ட் போய் மூன்று பேஸாக வெளியே வரும் என்றாய். ஒருத்தி உள்ளே போய் மூன்று பேராக வெளியே வருவது பிரசவ ஆஸ்பத்திரியில்தானே, அதுவும் இரட்டைப் பிள்ளையானால்? அன்றைக்குக் குழம்பியவன் இன்னும் தெளியவில்லை. "மாமா, பச்ச பட்டன் ஓட்றதுக்கு, செவப்பு பட்டன் நிறுத்தறதுக்கு. அம்புக்குறிய மட்டும் தொடாதீங்க" என்று வேறு சொன்னாய். அதைச் சொல்லாமல் போயிருந்தால் நான் ஏன் தொடப்போகிறேன்?

நீ மூன்று முறை லீவு இல்லை என்று பெண் பார்க்க வராமல் டிமிக்கி கொடுத்த சம்பந்தத்தார், அதாவது பெண் சுகாசினி, அவள் அப்பா ஆனந்தராஜ், அம்மா கமலவேணி, வெள்ளிக்கிழமை உச்சிப் பூஜைக்கு வந்து, அப்படியே நம் வீட்டையும் பார்ப்பதாக ஏற்பாடு. காலையில் பெட்டியைத் துடைத்தேன். ஏதோ பட்டன் அமுங்கி '5' என்று மின்னியது. இன்னொரு தரம் அமுக்கினால் அடுத்து வந்த எண்ணும் ஐந்து. ஊரைக் காக்கிறவளுக்கு வெறும் ஐந்தா? மொய் வைத்தால்கூட ஒன்று கூட்டித்தானே வைக்கிறோம்? அம்புக்குறியை அமுக்கி இரண்டையும் மங்களமாக நூற்றொன்று ஆக்கினேன். அது மோட்டார் வேகம் பிடிக்கவும் நிற்கவும் எடுத்துக்கொள்ளும் நொடிக் கணக்கு என்று எனக்கு யார் சொன்னது?

திரை விலகியது. பச்சையை அமுக்கினேன். டொம். பிறகு ஒரு யுகம் கழித்து இன்னொரு டொம். நடுவில் சேகண்டி ஒரே ஒரு ணங். வாசலில் பூ விற்கும் செல்லியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "அய்யய்யோ, யாருபா பூட்டாங்க? ஒரு வார்த்த சொல்லலியே!" ஆனந்தராஜ் பழத்தட்டோடு எழுந்துவிட்டார். "இன்னாங்க இது? பொண்ணு குடுக்க வந்தோமா, தூக்கினு போவ வந்தோமா?" தாளத்துக்கு ஏற்பத் தீபாராதனை காட்டிய பாண்டியன், "ஒரு சுத்து முடியறதுக்குள்ள கற்பூரமே கரைஞ்சிடும் போல இருக்குதே மாணிக்கம்" என்று அழுதான். அதற்குள் மேளம் வேகம் பிடித்துவிட்டது. திருப்புட்குழி வரைக்கும் தென்னை மரங்கள் தலையாட்டின என்கிறார்கள். உச்ச வேகத்தில் கமலவேணி அம்மாளுக்குச் சாமி வந்துவிட்டது! "என் கோயில்ல எவன்டா சாவு மேளம் அடிச்சது?"

பயந்து சிவப்பை அமுக்கினேன். நிற்குமா? நூற்றொரு நொடி ஆகுமே. மேளம் தளரத் தளர அந்தம்மா ஆட்டமும் தளர்ந்தது. ஆனந்தராஜ் கைகூப்பி, "தாயே, இந்தச் சம்பந்தம் அமையுமா, சொல்லும்மா" என்றார். அம்மன் வாயைத் திறந்தாள். மேளம் நின்றது. "இன்னாங்க, எல்லாம் என் மூஞ்சியவே பாத்துக்கினு கீறீங்க?" என்று கேட்டார் கமலவேணி அம்மாள், முந்தானையைச் சரிசெய்தபடி. பதில் கேட்க மறுபடி பச்சையை அமுக்கினால் மறுபடி டொம், மறுபடி செல்லியம்மாள். "மாப்ள நேர்ல வந்து இந்தப் பொட்டிய சரி பண்ணட்டும், அப்பால பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் பழத்தட்டோடு போய்விட்டார் ஆனந்தராஜ். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ இங்கே நிற்க வேண்டும்.

உன் மோட்டார்கள் சூடேறாமலும் உன் மேனேஜர் சூடேற்றாமலும் இருக்க அம்மன் துணை.

மாணிக்கவேல்

பி.கு: இப்படி எழுதாவிட்டால் நீ லீவு போடுவாயா? யாரும் அழவில்லை, கமலவேணி அம்மாளுக்கு வந்தது ஒரு தும்மல், பழத்தட்டு நம் வீட்டில்தான் இருக்கிறது, பாதி நான் தின்றுவிட்டேன். மேளம் ஒழுங்காகவே முழங்கியது. நான் நூற்றொன்று வைத்தது மட்டும் நிஜம். பூஜைக்கு முன்னாலேயே சுகாசினி அதைக் கண்டுபிடித்து, பழையபடி ஐந்தாக்கிவிட்டாள். "எங்க ஒரகடம் கம்பெனில இந்த மாதிரி பொட்டி நாப்பது இருக்குதுங்க, நான்தான் பாத்துக்கறேன். இத மாட்னவரு ஏன் பாஸ்வேர்டு போடாம வுட்டாரு?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? "அவனையே கேளும்மா" என்றேன். "ஞாயித்துக்கெழம வரச் சொல்லுங்க, கேக்கறேன்" என்றாள்.