குளியல் தொட்டியில் வஞ்சிரம்

மீனைப் பார்த்தால் என் கை என் பேச்சைக் கேட்காது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு அறுபத்தெட்டு வயது ஆகவேண்டியிருந்தது. மஸ்கட் வரைக்கும் விமானம் ஏறவும் வேண்டியிருந்தது.

காத்திவாக்கத்தில் பூங்காவனத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. நாற்பது வருஷம் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக விற்றவள் நான். பள்ளிக்கூடம் நாலாவதோடு சரி, இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் செவுளைத் தூக்கிப் பார்த்தால் அந்த மீன் எப்போது கரைக்கு வந்தது என்று சொல்லிவிடுவேன். என்னை ஏமாற்றும் மீன் இன்னும் பிறக்கவில்லை என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். (பீத்துன வாய்க்கு இப்ப பூட்டு போட்டாச்சு.)

அந்த நாலாவதில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் கஸ்தூரி. புருஷன் போன பிறகு மஸ்கட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனவள், இருபத்துநாலு வருஷமாக அங்கேதான் இருக்கிறாள். போன வருஷம் ஒருநாள் போன் செய்தாள்.

"பூங்கா, எங்க மேடம் வூட்ட பூட்டிக்கினு மூணு நாள் வெளியூர் போறாங்கோ. எனக்கு லீவு. நீ கெளம்பி வா. கடலோரமா கார்ல சுத்துவோம், கடேசி நாளு பெரிய ஓட்டல்ல தங்குவோம்."

"ஓட்டல்ல இன்னாடி கீது?"

"குளிக்கிற தொட்டி கீது. இருவத்திநாலு வருசமா அத்த தேச்சிக்கினே கீறேன். ஒரு தபா அதுல நான் படுக்கணும். நுரை கழுத்து வரைக்கும் வரணும். அவ்ளோதான் என் ஆச."

"மேடம் வூட்டு தொட்டில படுத்துக்கறது தானே?"

"சீ, அது அவங்க தொட்டி. என் துட்டுல நான் படுக்கணும்."

எனக்கு அது பிடித்திருந்தது. மகன் டிக்கெட் போட்டுக் கொடுத்தான். கிளம்பிவிட்டேன்.

வாடகைக் காரை ஓட்டியவர் பஷீர். மலையாளம் கலந்த தமிழில் பேசுவார், என்னை அம்மச்சி என்பார். ஒரு பக்கம் மொட்டை மலை, இன்னொரு பக்கம் நீலமாகக் கடல், நடுவில் ரோடு. எண்ணூர் ரோட்டில் போவது போல ஒரு கன்டெய்னர் லாரியாவது வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கஸ்தூரி வழி முழுக்கத் தொட்டியைப் பற்றியே பேசினாள். ரோஜா வாசனையில் நுரை மருந்து ஒரு பாட்டில் வாங்கி மடியிலேயே வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் காலை சூர் என்ற ஊரில் காரை நிறுத்தச் சொன்னது நான்தான். கடற்கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. "சும்மா பாத்துட்டு வரலாம்" என்றேன்.

அவர்கள் பேசிய அரபியில் ஒரு வார்த்தை எனக்குத் தெரியாது. ஆனால் ஏலக்காரர் குரல் காசிமேட்டுக் குரல்தான். ஏறும்போது விலை ஏறுகிறது, இறங்கி இழுக்கும்போது சரக்கு கைமாறப் போகிறது. தரையில் ஒரு வஞ்சிரம் கிடந்தது. என் தோள் உயரம் இருக்கும். வெள்ளியை உருக்கி ஊற்றியது போல மின்னியது. ஏலக்காரர் குரல் இறங்கியது. யாரும் வாய் திறக்கவில்லை. அப்படிப்பட்ட மீன் கேட்பாரில்லாமல் போகிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. குரல் இறங்கும்போது எந்தப் பெண் தன் கூடையை மீன் மேல் வைக்கிறாளோ, மீன் அவளுடையது. வைத்த கூடையை எடுக்கக்கூடாது. எடுத்தால் மறுநாள் அந்தப் பக்கம் தலை காட்ட முடியாது.

அன்றைக்கு என்னிடம் கூடை இல்லை. கஸ்தூரி வாங்கிக் கொடுத்த வெள்ளைக் கைப்பை இருந்தது. அது எப்போது மீன் மேல் போய் உட்கார்ந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

"அடிப்பாவி! இன்னாடி பண்ட்ட?" என்று கஸ்தூரி கத்தினாள்.

ஏலக்காரர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே பையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"அம்மச்சி, சாரமில்லா, பரவால்ல, விளையாட்டுன்னு விட்டுடலாம்னு சொல்றார்" என்றார் பஷீர்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அத்தனை ஆம்பிளைகள் முன்னால் வைத்த பையைத் திரும்ப வாங்குவதா? நான் பூங்காவனம். பையை மறுபடியும் மீன் மேல் வைத்தேன். மகன் செலவுக்குக் கொடுத்தது மொத்தமும் போனது. கூட்டம் கை தட்டியது. (தட்ட மாட்டாங்களா பின்ன, ஓசி டிராமா!)

டிக்கியில் மீன் அடங்கவில்லை. பின் சீட்டில் ஐஸ் மூட்டைகள் மேல் படுக்க வைத்து, தலையைக் கஸ்தூரி மடியிலும் வாலை என் மடியிலும் வைத்துக்கொண்டோம். வண்டி கிளம்பியதும் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. நாங்கள் இருவரும் பெல்ட் போட்டிருந்தோம். நடு சீட்டில் யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பதாக வண்டிக்கு எண்ணம். கடைசியில் பஷீர் இறங்கி வந்து வஞ்சிரத்துக்குப் பெல்ட் போட்டார். சத்தம் அடங்கியது.

"இது வண்டியாணு அம்மச்சி, மீன் வள்ளம் அல்ல" என்று மட்டும் சொன்னார்.

மேடம் வீடு மறுநாள் காலைதான் திறக்கும், அதுவரை மீன் கெடக்கூடாது. ஆக, மீன் எங்களோடு ஓட்டலுக்கு வந்தது. போர்வையில் சுற்றி ஆளுக்கொரு பக்கம் பிடித்து வாசலில் இறக்கியபோது, ஓட்டல்காரர் ஒருவர் பதறிப்போய்ச் சக்கர நாற்காலியோடு ஓடி வந்தார். வேண்டாம் என்பதற்குள் மீன் அதில் சாய்ந்துவிட்டது.

"யாரு?" என்று கேட்டார் போல.

கஸ்தூரி கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அவர் பாஷையில் ஏதோ சொன்னாள். லிப்டில் ஏறியதும், "இன்னாடி சொன்ன?" என்றேன்.

"எங்க பெரியக்கான்னேன். முதுவு வளையாதுன்னேன்."

அறையில் மீன் படுக்க ஒரே ஒரு இடம்தான் இருந்தது. வராந்தாவில் ஐஸ் கொட்டும் பெட்டியிலிருந்து சொம்பளவு வாளியில் நாற்பது நடை அள்ளி வந்து தொட்டியை நிரப்பினேன். வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் கஸ்தூரி. தோளில் துண்டு, கையில் ரோஜா பாட்டில்.

"பூங்கா, அது எப்ப எழுந்துக்கும்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கேட்ட விதம் என்னைக் குத்திவிட்டது. "ஒரு மணி நேரம் குட்றீ" என்று சொல்லி, மீனைத் தூக்கிக் கட்டிலில் போட்டு, ஏசியை முழுசாக வைத்து, கழுத்து வரை போர்த்திவிட்டேன். தொட்டியைத் தேய்க்கக் கஸ்தூரி குனிந்தாள். "இன்னிக்கி நீ தேச்சா கைய ஒடிச்சிடுவேன்" என்று நானே தேய்த்தேன். வெந்நீர் விட்டு நுரை ஏற்றினேன். என்ன செய்தும் ரோஜாவை மீறிக்கொண்டு வஞ்சிரம் மணந்தது.

கவலைப்படுவேனா? அந்த ஊர் சாம்பிராணிக்குப் பேர் போனது. வழியில் வாங்கியது அரைக் கிலோ இருந்தது, கரியும் சின்னத் தூபக்காலும் சேர்த்தே கொடுத்திருந்தார்கள். கொஞ்சமாகப் போட எனக்கு எப்போது தெரிந்திருக்கிறது? புகை கூரையை முட்டியது. கஸ்தூரி ஒரு காலைத் தூக்கி நுரைக்குள் வைத்தாள். "அப்பாடா" என்றாள்.

ஓட்டல் முழுக்க அலாரம் அலறியது.

வெளியே கார் நிறுத்தும் இடத்தில் எல்லா அறைக்காரர்களும் நின்றார்கள். கஸ்தூரி வெள்ளை அங்கியில், ஒரு காலில் மட்டும் நுரையோடு நின்றாள். அப்போது நாற்காலி கொண்டுவந்த அதே ஆள் எங்களைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டு ஏதோ கூவியபடி உள்ளே பாய்ந்தார்.

"இன்னாடி சொல்லினு ஓடறாரு?"

கஸ்தூரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "பெரியக்கா உள்ளயே கீறாங்கன்னு."

கொஞ்ச நேரத்தில் அவர், புகையில் கண் தெரியாமல் தலையோடு சுருட்டிய போர்வை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இருமிக்கொண்டே ஓடி வந்தார். ஜனங்கள் கை தட்டினார்கள். அவர் பெரியக்காவைப் பூப்போலத் தரையில் கிடத்தி, மூச்சு இருக்கிறதா என்று பார்க்கப் போர்வையை விலக்கினார்.

வஞ்சிரம் வாயைப் பிளந்துகொண்டு அவரைப் பார்த்தது.

மேனேஜர் வந்தார். அப்போதாவது தலை குனிந்தேனா? குந்தி உட்கார்ந்து செவுளைத் தூக்கிக் காட்டினேன். "பாத்துக்கோ நைனா, இன்னும் ரத்தச் செவப்பா கீது. காலைல புடிச்சது." காரிலிருந்து ஓடி வந்த பஷீர் அதை மொழிபெயர்த்தாரா, மன்னிப்புக் கேட்டாரா, தெரியாது. ஓட்டல் சமையல்காரரும் செவுளைத் தூக்கிப் பார்த்தார், எழுந்து என்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தார். அன்றைக்கு அந்த ஓட்டலில் எல்லோருக்கும் வஞ்சிரம். பெரியக்காவைத் தூக்கி வந்தவருக்கு நடுத்துண்டு. எங்களுக்கு மட்டும் அறையை மாற்றினார்கள். புது அறையில் தொட்டி இல்லை. குழாய்தான்.

கஸ்தூரி அன்றைக்கு என்னோடு பேசவில்லை. மறுநாள் விமான நிலையத்தில்தான் வாயைத் திறந்தாள். "ஒரு காலு குளிச்சிட்டேன். இன்னொரு கால குளிப்பாட்ட நீ மறுபடியும் வரணும்" என்றாள்.

இன்னும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வருகிறது. ஹலோ எல்லாம் கிடையாது. எடுத்ததும், "பெரியக்கா எழுந்துச்சா? நான் தொட்டிக்கு போலாமா?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

எங்கள் வீட்டில் குளியலறை ஒன்றே ஒன்று. அவசரத்துக்கு யார் வந்தாலும் கதவைத் தட்டி, "உள்ள யாரு, வஞ்சிரமா?" என்று கேட்பது பழக்கமாகிவிட்டது. மருமகள்கூடக் கேட்கிறாள். மற்றவர்கள் எரிந்து விழுவார்கள். உள்ளே நானாக இருந்தால் விடமாட்டேன்.

"ஆமாடி, பெரியக்காதான் கீறேன். ஐஸ் எட்த்துனு வா!"