சம்பந்தி சுவரில் ஒரு நிலா

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, பக்கெட் கடைக்காரன் வணக்கத்துடன் எழுதுவது:

நேற்றுக் காலை ஏணியோடு வந்து, புதிதாகப் பெயிண்ட் அடித்த உங்கள் முன்சுவரில் ஆணி அடித்தவன் நான்தான். இங்கே நான், வீட்டார், உங்கள் மகள் எல்லோரும் சுகம். உங்கள் சுவரும் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். ஆணி பாதிதான் இறங்கியது. "எதுவானாலும் எழுத்துல குடுங்க" என்று கேட்டைச் சாத்திவிட்டீர்கள். நீங்கள் ஆபீசை விட்டாலும் ஆபீஸ் உங்களை விடவில்லை. ஆகவே எழுத்தில் தருகிறேன்.

உங்கள் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கூடம் திறக்கிறார்கள். நெப்டியூன் கிரகமும் அதன் நிலாக்களும் செய்து தர வேண்டும், எல்லாம் ஒரே கணக்கில் சுருங்கியிருக்க வேண்டும் என்று டீச்சர் கேட்டார். உருண்டைதானே, நம்மிடம் இல்லாத பந்தா என்று உருப்படிக்கு இவ்வளவு எனப் பேசி முடித்தேன். கடைசி நிலா ஒன்று, பெயர் என் வாயில் நுழையவில்லை, கடுகில் கால்வாசி இருந்தால் போதுமாம். கால் கடுகுக்கும் முழு விலையா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். இத்தனை வருஷம் வியாபாரம் செய்தவன், அளவு கேட்டேன், நிறம் கேட்டேன், எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை. பந்தைக் கூடத்தில் தொங்கவிட்ட பிறகு சொல்கிறார், "சார், அந்தக் குட்டி நிலா இங்க இல்ல. அதே கணக்குல தூரமும் சுருங்கினா, இருநூறு மீட்டர் தள்ளி வரும்." டேப்பைப் பிடித்துக்கொண்டு அலைந்தேன். ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் ரயில் பாதை, இன்னொரு பக்கம் போலீஸ் ஸ்டேஷன். அங்கே போய் "ஐயா, ஒரு நிலா வைக்கணும்" என்றால் என்னைத்தான் உள்ளே வைப்பார்கள். மிச்சமிருந்த பக்கத்தில் டேப் போய் நின்ற இடம் உங்கள் சுவர்.

பாதி இறங்கிய ஆணியின் தலையில் நிலாவை ஒட்டினேன். "சம்பந்தி, நிலா எங்க?" என்றீர்கள். "கண்ணாடி போட்டுப் பாருங்க" என்றேன். கண்ணாடியோடு ஏணியில் ஏறிப் பார்த்து, "வெறும் தூசி" என்று ஊதிவிட்டீர்கள். யுகயுகமாக அந்தக் கிரகத்தை விடாமல் சுற்றுகிற நிலா உங்கள் ஒரே மூச்சில் போயே போச்சு. பரவாயில்லை, கடையில் இன்னும் ஒரு டப்பா நிலா இருக்கிறது.

உள்ளதைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை திறப்பு. நிலா இல்லையென்றால் கிரகத்தையும் சேர்த்து எடுத்துப் போங்கள் என்கிறார் டீச்சர். அப்புறம் புதுக் கட்டடத்துக்கு பெஞ்சு, பீரோ எல்லாம் என்னிடமா வாங்குவார்கள்? தலையில் பக்கெட் சுமந்து தெருத்தெருவாக விற்று ஆளானவன் நான். ஒத்துக்கொண்ட சரக்கை ஒரு நாளும் கைவிட்டதில்லை. போயும் போயும் கால் கடுகிடமா தோற்பேன்? நீங்க கேட்டைச் சாத்தினா நாளைக்கும் வருவேன், அதுக்கு மறுநாளும் வருவேன். ஏணி என்னோடது, காலும் என்னோடது. ஆனால் சத்தியமாக ஒரே ஒரு ஆணிதான். இரண்டாவது ஆணி என்ற பேச்சுக்கே இடமில்லை.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் வீடும் சுவரும் நூறாண்டு நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் டீச்சர் போன் செய்தார். நிலா என்றால் சுற்ற வேண்டுமாம். இது ஒரு சுற்றுச் சுற்ற இருபத்தாறு வருஷத்துக்கு மேல் ஆகுமாம். அந்தக் கணக்குப்படி நம் நிலா தினமும் அரைச் சாண் நகர வேண்டும். அதாவது, தினம் ஓர் ஆணி. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். உங்கள் மகள் கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு, "விடுங்க மாமா, அப்பா பொழுது போகாம அந்தச் சுவத்தையே பாத்துக்கிட்டு இருக்காரு, நான் பேசறேன்" என்று உங்களைப் போனில் கூப்பிட்டதும், நீங்கள் இருவரும் வாதாடியதும் உங்களுக்கே தெரியும். எழுத்தில் கேட்பீர்கள் என்பதால் முடிவானதை எழுதிவிடுகிறேன்: தினமும் காலையில் ஆணியை நீங்களே அடிப்பீர்கள், ஏணியை நான் பிடிப்பேன், நிலா பக்கத்து வீட்டுச் சுவருக்குப் போகிற அன்று உங்கள் வீடு முழுவதற்கும் என் செலவில் இரண்டு பூச்சுப் பெயிண்ட், நிறம் உங்கள் இஷ்டம், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது உங்கள் பொறுப்பு.