விண்ணப்பிக்கப் போகிறவர்

உலகத்தில் விண்ணப்பித்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில், கக்கத்தில் ஒரு பைலை இடுக்கிக்கொண்டு, முகத்தில் பெரிய காரியக்காரனின் களையோடு, வருஷக்கணக்காக நின்றுகொண்டிருக்கிற மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அவர்தான் விண்ணப்பிக்கப் போகிறவர். அடையாளம் காண்பது மிகச் சுலபம். "என்னா, அப்ளிகேஷன் போட்டாச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். போட்டேன் என்றும் சொல்ல மாட்டார், போடவில்லை என்றும் சொல்ல மாட்டார். "எல்லாம் ரெடி. ஒரு சின்ன வேல மட்டும் பாக்கி" என்பார்.

அந்தச் சின்ன வேலை எது? அதுதான் ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் மாறும். போட்டோவின் பின்னணி போதிய அளவு வெள்ளையாக இல்லை. பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயருக்கு ஒரு புள்ளி கூடிப்போயிற்று. சிபாரிசுக் கடிதம் தரவேண்டிய பேராசிரியருக்குச் சளி. அதுவும் இல்லையென்றால் பெரஹரா ஊர்வலம் வந்துவிடும், ஊரெல்லாம் யானையும் கூட்டமுமாக இருக்கும்போது எப்படி உட்கார்ந்து எழுதுவது, யானைகள் எல்லாம் போய்ச் சேரட்டும், அப்புறம் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். யானைகள் போய்விடும். மழை வந்துவிடும். மழைக்காலத்தில் யாராவது விண்ணப்பிப்பார்களா?

கண்டி நகரத்தில் இந்த இனத்தின் தலைமகன் ராஜலிங்கம். அப்பா லெட்சுமணன் கொப்பி, பென்சில், பைல் விற்கிற கடை வைத்திருந்தார். ஆயத்தக்காரன் ஒருவனுக்கு இதைவிடப் பொருத்தமான பிறப்பு அமையாது. ராஜலிங்கம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம் எடுத்தவன். உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு உயிரியல் டியூசன் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, அவுஸ்திரேலியாவில் தொழில்வழிச் சிகிச்சையில் முதுமாணிப் பட்டம் படிப்பதற்கு விண்ணப்பிக்கப் போய்க்கொண்டிருந்தான்.

தொழில்வழிச் சிகிச்சை என்றால் என்ன என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். "வேல வெட்டி இல்லாதவங்களுக்கு ஒரு தொழில் தேடிக் குடுக்கிற வைத்தியம்" என்று லெட்சுமணன் விளக்கம் சொல்வார். சொல்லிவிட்டு மகனைப் பார்த்து, "மொதல்ல டாக்டரே அந்த மருந்தக் கொஞ்சம் குடிச்சிப் பாக்கலாம்" என்பார்.

விஷயம் அதுவல்ல. ராஜலிங்கத்தின் அம்மா அன்னலட்சுமி ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கட்டு அவிழ்த்த பிறகும் கை மரக்கட்டை போலவே கிடந்தது. "எலும்பு கூடிருச்சி" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஆனால் அடுத்த அறையில் இருந்த ஒரு தொழில்வழிச் சிகிச்சையாளப் பெண் அவளை விடவில்லை. "அம்மா, வீட்டில என்ன செய்யமுடியாம இருக்கு?" என்று கேட்டாள். "தேங்கா திருவ முடியல" என்றாள் அம்மா. அந்தப் பெண் முதலில் மாவைப் பிசையச் சொன்னாள், பிறகு ஈரத்துணியைப் பிழியச் சொன்னாள், பிறகு போத்தல் மூடியைத் திறக்கச் சொன்னாள். ஒருநாள் வீட்டில் துருவுபலகையில் உட்கார்ந்து அரை மூடித் தேங்காயைத் துருவி முடித்துவிட்டு, அம்மா அந்தத் தேங்காய்ப்பூவை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தாள். அன்றைக்கே ராஜலிங்கம் தீர்மானித்துவிட்டான். தீர்மானம் உண்மையானது. அதில் கேலி ஒன்றும் இல்லை.

கேலி அதற்குப் பிறகுதான்.

இங்கிலீஷ் பரீட்சை எழுதினான். அருமையான பெறுபேறு. அந்தப் பெறுபேறு இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும். அவன் ஆயத்தமாகிக்கொண்டிருக்கையிலேயே அது காலாவதியாகிவிட்டது. திரும்ப எழுதினான், முந்தியதைவிட அருமை. பல்கலைக்கழகங்களைப் பற்றிய குறிப்புகளுக்குப் பச்சைப் பைல், சிகிச்சை நிலையங்களில் கூடமாட நின்று பார்த்ததற்கான சான்றுகளுக்கு மஞ்சள் பைல், இதர விஷயங்களுக்குச் சிவப்புப் பைல், எந்தப் பைலில் எது இருக்கிறது என்பதற்கு ஒரு நீலப் பைல். பைல்களுக்கு இடம் விட்டு அம்மாவின் சேலைகள் ஒவ்வொன்றாக அலுமாரியை விட்டு வெளியேறி வந்தன.

எல்லாவற்றுக்கும் மேலாக, நான் ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தேன் என்று ஒரு கட்டுரை எழுதவேண்டும். அதன் முதல் வாக்கியம் உலகத்தையே நிமிர்ந்து உட்காரவைக்க வேண்டும் என்று அவன் நினைத்தான். ஆதிகாலத்திலிருந்தே மனிதன், என்று தொடங்கினான். அழித்தான். கைகள்தாம் நாகரிகத்தின், என்று தொடங்கினான். அதையும் அழித்தான். ஹந்தானை மலையில் மேகம் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. முதல் வாக்கியம் இறங்கவில்லை.

ஏன் அனுப்பவில்லை? சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. அவனைப்போல உழைத்தவன் அந்தத் தெருவிலேயே இல்லை. அனுப்பாத வரைக்கும் அவனை வேண்டாம் என்று யாராலும் சொல்லமுடியாது அல்லவா? அவ்வளவுதான் ரகசியம். அது அவனுக்கே தெரியும். தெரிந்துதான் இன்னொரு பைல் எடுப்பான்.

இந்த இனத்துக்கு இன்னொரு குணம் உண்டு. தான் ஏறாத பஸ்ஸில் ஊரையே ஏற்றிவிடும். பக்கத்துத் துணிக்கடை பாயிஸ் இவனுடைய கூட்டாளி. பாயிஸின் தங்கச்சி பாயிஸா, இவன் பேசிப் பேசியே அந்தப் படிப்பில் ஆசை வைத்துவிட்டவள். ஒருநாள் பின்னேரம் வந்து, அண்ணன் முறை வைத்து, "ராஜா நானா, நானும் போடலாம்னு பாக்கிறேன். என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

ராஜலிங்கம் கதிரையை இழுத்துப் போட்டான். நாலு பைலையும் விரித்தான். கடை மூடுகிற நேரம்வரை பேசினான். "முக்கியமா அவசரப்படக் கூடாது தங்கச்சி. ஒரு வருஷமாச்சும் ஆழமா யோசிக்கணும்" என்று முடித்தான்.

பாயிஸா தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போனாள். அடுத்த வாரமே அனுப்பிவிட்டாள். இடமும் கிடைத்துவிட்டது. அவளுடைய வாப்பா தெருவெல்லாம் வட்டிலாப்பம் பங்கிட்டார். பாயிஸா தன் கையாலேயே ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து, "எல்லாம் உங்களாலதான் நானா" என்றாள். ராஜலிங்கம் சாப்பிட்டான். இனிப்பாகத்தான் இருந்தது. கிண்ணத்தைக் காலி செய்யத்தான் நேரம் எடுத்தது.

"அவசரப்பட்டுட்டா. அந்த போட்டோ வெள்ளையே இல்ல" என்றான் அம்மாவிடம்.

"ஆனா ஆளு போறாளேப்பா" என்றாள் அம்மா.

பாயிஸா போன செய்தி பரவியதும் ராஜலிங்கத்தின் புகழ் பரவியது. ஆள் அனுப்புவதில் கைராசிக்காரன் என்று பேராகிவிட்டது. வத்தேகமவில் ஒரு இளைஞர் மன்றம், 'வெளிநாட்டு உயர்கல்விக்கு விண்ணப்பிப்பது எப்படி?' என்று பேச அவனை அழைத்தது. சந்தைக்குப் பக்கத்து மண்டபம். கதிரை போதாமல் பின்னால் ஆட்கள் நின்றார்கள். ராஜலிங்கம் தன்னுடைய விண்ணப்பத்தையே பெரிய திரையில் காட்டி, பக்கம் பக்கமாக விளக்கினான். இந்த இடத்தில் பெயர், இந்த இடத்தில் பெறுபேறு, இங்கே இரண்டு சிபாரிசு. நீர்வீழ்ச்சி மாதிரிப் பேச்சு. கடைசிப் பக்கம் வந்தது. கீழே ஒரு நீலப் பொத்தான்.

"அவ்வளவுதான். பிறகு சமர்ப்பிக்கிறது" என்று திரையை மூடப் போனான்.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். சீதா என்று பெயர். மடுல்கெல்லத் தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியை. "சேர், அத அமுக்குனா என்னா வரும்?"

"அமுக்கினா விண்ணப்பம் போயிரும்."

"அது தெரியுது சேர். போனதுக்கப்புறம் என்னா வரும்? பிழை இருந்தா திருப்பி எடுக்கலாமா? போன வருஷம் நான் எல்லாத்தையும் நிரப்பிட்டு, இந்த எடத்துக்கு வந்து பயந்து மூடிட்டேன். இந்த வருஷமும் அப்பிடித்தான் ஆகிருமோன்னு இருக்கு. அதான் கேக்குறேன்."

கேலியாகக் கேட்கவில்லை அவள். பதில் வேண்டித்தான் கேட்டாள். பல்கலைக்கழகங்களின் பரப்பளவுகூட மனப்பாடமாகத் தெரிந்த ராஜலிங்கத்துக்கு அந்தப் பொத்தானுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. அவன் அங்கே போனதே இல்லை.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். சமாளிக்கக்கூடிய ஆள்தான். ஆனால் அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க. அமுக்கிப் பாப்போம்" என்றான்.

அமுக்கினான். ஒன்றும் போகவில்லை. சிவப்பு எழுத்தில் ஒரு கண்டிப்பு வந்தது: கட்டுரைப் பகுதி வெறுமையாக இருக்கிறது. முந்தின நாள்தான் முதல் வாக்கியம் பிடிக்கவில்லை என்று அத்தனையையும் அழித்திருந்தான். மண்டபமே அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆதிமனிதனையும் நாகரிகத்தையும் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. தட்டத் தொடங்கினான். எங்கள் அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்து தேங்காய் துருவ முடியாமல் போயிற்று. ஒருத்தி அந்தக் கையை அம்மாவுக்குத் திருப்பிக் கொடுத்தாள். அந்த வேலையை நானும் படிக்க விரும்புகிறேன். இங்கிலீஷில் அவ்வளவுதான் வந்தது. மறுபடியும் அமுக்கினான். ஒரு சக்கரம் சுற்றியது. சுற்றியது. நன்றி, உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, என்று ஒரு வரி வந்து நின்றது.

"இவ்வளவுதானா சேர்?" என்றாள் சீதா.

"இவ்வளவுதான் போலருக்கு" என்றான் ராஜலிங்கம். குரல் யாருடையதோ போல இருந்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது.

கண்டிக்குத் திரும்புகிற பஸ்ஸில்தான் எழுதியதை மனசுக்குள் திரும்ப வாசித்துப் பார்த்தான். தேங்காய் என்ற சொல்லுக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்தை விட்டுவிட்டோம் என்பது ஞாபகம் வந்தது. இறங்கி ஓடிப்போய்த் திரும்ப வாங்கிவரக்கூடிய தூரத்தில் அந்த விண்ணப்பம் இல்லை.

ஒரு மாதத்தில் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. கணினி வழியாக, இரண்டு அம்மணிகள். வரக்கூடிய கேள்விகள் அத்தனைக்கும் அவன் பதில் தயாரித்து வைத்திருந்தான். அவர்கள் அவற்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. "ஒரு கோப்பை தேநீர் போடுவதைப் படிப்படியாகச் சொல்லுங்கள்" என்றார்கள்.

கண்டிக்காரனிடம் தேநீரா! அதுவும் இந்தக் கண்டிக்காரனிடம்!

ராஜலிங்கம் கேத்தலிலிருந்து தொடங்கவில்லை. கேத்தலைத் தூக்கலாமா என்று நினைக்கிற மனசிலிருந்து தொடங்கினான். பிடியைச் சுற்றி விரல்கள் எப்படி வளையவேண்டும், தண்ணீர் ஏற ஏறப் பாரம் எந்த மூட்டுக்குப் போகும், ஒரு கை வராதவர் என்றால் தேயிலைத் தகரத்து மூடியை எதன்மேல் சாய்த்துத் திறக்கலாம், ஞாபகம் தவறுகிறவர் என்றால் சீனியை எங்கே வைக்கவேண்டும். தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே கால்மணி நேரம் போய்விட்டது. ஒரு அம்மணி சிரித்துக்கொண்டே கைகாட்டி நிறுத்தினாள். "எங்களுடைய தொழிலே இதுதான். ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன்னால் என்னென்ன செய்யவேண்டும் என்று பிரித்துப் பார்ப்பது. இவ்வளவு பிரித்தவரை நாங்கள் பார்த்ததில்லை."

இடம் கிடைத்துவிட்டது.

அப்போதுதான் அந்த வீட்டுக்குள் குண்டு விழுந்தது. லெட்சுமணன் செய்தியை இரண்டுதரம் கேட்டார். "அப்ப... போறியா? நெசமாவா?"

"ஆமாப்பா."

"என்னடா திடீர்னு இப்பிடிச் சொன்னா? கடைக்கு மேல மாடி எடுத்து ஒனக்கு வகுப்பு வச்சிக் குடுக்கலாம்னு மேசன் பாஸ்கிட்ட பேசிட்டேனே! செங்கல்லுகூட வந்து எறங்கிருச்சி!"

பாயிஸ் ஓடிவந்தான். "மச்சான், நீ எங்கயும் போகமாட்டேன்னு நம்பித்தானே என்ட கலியாணத்த வருஷக் கடைசில வெச்சேன்? இப்ப மாப்பிள்ளைத் தோழனுக்கு நான் எங்க போற?"

வருஷக்கணக்காக ராஜலிங்கம் ஆயத்தமாகிக்கொண்டிருந்தான். அவன் போவதற்கு மட்டும் ஒருவரும் ஆயத்தமாகவில்லை. வீட்டில் ஒரு நல்ல பெட்டிகூட இல்லை. அப்பா மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் தானே போய்ப் பெரிய பெட்டியாக ஒன்று வாங்கிவந்து, நடு வீட்டில் வைத்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது போதுமாடா? சின்னதாத் தெரியுது" என்றார். அம்மா அப்பாவை எழுப்பிவிட்டுப் பெட்டியைத் திறந்து மகனுடைய சட்டைகளை மடித்து அடுக்க ஆரம்பித்தாள்.

அவன் போய்விட்டான். அவன் விமானம் ஏறிய மாதமே மடுல்கெல்லயிலிருந்து சீதாவும் தன் பொத்தானை அமுக்கிவிட்டதாகக் கேள்வி.

இவ்வளவு நேரமும் நீங்கள் சிரித்துக்கொண்டு யாரையோ நினைத்திருப்பீர்கள். மாமா மகனை, அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரை, இல்லை உங்கள் வீட்டுக்காரரையே. தாராளமாக நினையுங்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் கட்டிலுக்கு அடியில், திங்கட்கிழமையிலிருந்து விடியக்காலையில் நடக்கவேண்டும் என்று வாங்கி, அடியில் ஒட்டிய விலைச்சீட்டுகூடத் தேயாமல் ஒரு சோடிச் சப்பாத்து கிடக்கிறதே, அது யாருடையது?